விலை கூடிய ஃபஸ் பெடலில் கூடுதல் காசு எதற்குப் போகிறது?

கேள்வி இதுதான். உங்கள் கையில் இருப்பது குறைந்த விலைக்கு வாங்கிய பிளாஸ்டிக் ஃபஸ் பெடல் (கிட்டார் சத்தத்தைச் சிதைத்துக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் பெட்டி), ஸ்ட்ராட் வகை கிட்டார், சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப். பேண்டில் கூட வாசிக்கும் அண்ணன் ஒருவர், பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வைத்துக் கையால் செய்த ஃபஸ் ஒன்றை இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறார். அதில் அப்படி என்னதான் இருக்கிறது, நானும் காசு சேர்க்க வேண்டுமா, இல்லை வெறும் பெயருக்குத்தான் அந்த விலையா என்று கேட்கிறீர்கள்.

அந்த அண்ணன் ஏமாறவில்லை. ஆனால் நீங்கள் இப்போது அதை வாங்கினால் உங்கள் பணத்தில் பாதி வீண். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கிட்டார் பெடல்களிலேயே விலைக்கும் சத்தத்துக்கும் தொடர்பு மிகக் குறைவாக இருப்பது ஃபஸ்ஸில்தான். ரிவெர்ப், டிலே போன்றவற்றில் விலை கூடக்கூட உள்ளே இருக்கும் சிப்பும் மென்பொருளும் மாறும். ஃபஸ்ஸில் உள்ளே இருப்பது அறுபது வருடப் பழைய சர்க்யூட். காப்புரிமைகள் எல்லாம் எப்போதோ காலாவதியாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அதே வரைபடத்தை வைத்துச் செய்யலாம், செய்கிறார்கள்.

ஃபஸ் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் விலை விஷயம் இன்னும் எளிதாகப் புரியும். 1961இல் வெளிவந்த, கன்ட்ரி பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்று அமெரிக்காவின் நாஷ்வில்லில் பதிவாகிறது. கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் சோலோ, மிக்ஸிங் கன்சோலில் கெட்டுப்போன ஒரு சேனல் வழியாகப் போய் கரகரவென்று பதிவாகிவிட்டது. அதை அழிக்காமல் அப்படியே வைத்தார்கள், பாட்டும் ஓடியது. கன்சோலின் பழுது முற்றியதும் அந்தச் சத்தம் போய்விட்டது. ஆனால் மற்றவர்கள் அதே சத்தத்தைக் கேட்டு வர ஆரம்பித்ததால், ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி ஒரு நண்பரோடு சேர்ந்து டிரான்சிஸ்டர்களை வைத்து அதைச் செயற்கையாக உண்டாக்கினார். அதைக் கிப்சன் நிறுவனம் வாங்கி 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்றது. உள்ளே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், மின்சாரத்துக்கு 1.5 வோல்ட் செல் இரண்டு, அவ்வளவுதான். முதலில் அதற்குப் பெரிய கிராக்கி இல்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் பயன்படுத்திய பிறகுதான் பறந்தது. அதே வருடம் லண்டனில் கேரி ஹர்ஸ்ட் டோன் பெண்டரைச் செய்தார். 1966இல் ஆர்பிட்டர் நிறுவனம் மைக் ஸ்டாண்டின் வட்ட அடிப்பாகம் போன்ற பெட்டிக்குள் ஃபஸ் ஃபேஸை வைத்து விற்றது. 1960களின் முடிவில் நியூயார்க்கில் எலக்ட்ரோ-ஹார்மானிக்ஸின் பிக் மஃப் வந்தது. இன்று சந்தையில் இருக்கும் ஃபஸ்களில் பெரும்பாலானவை இந்த நாலைந்து சர்க்யூட்டுகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

அதாவது ஃபஸ் என்பது ஒரு பழுதின் சத்தம். ஹைஃபை ஆம்பில் நல்ல பாகம் போட்டால் சிதைவு குறையும், அங்கே 'நல்ல' என்றால் என்னவென்று அளந்து சொல்லலாம். ஃபஸ்ஸில் சிதைவுதான் சரக்கே. கிட்டாரிலிருந்து வரும் வளைந்த அலையின் தலையையும் காலையும் டிரான்சிஸ்டர் வெட்டிச் சதுரமாக்குகிறது. எவ்வளவு வெட்டுகிறது, மேலும் கீழும் ஒரே அளவா, வெட்டும் ஓரம் கூர்மையா மழுங்கலா என்பதுதான் ஒரு ஃபஸ்ஸுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். அங்கே விலை உயர்ந்த பாகம் என்பதற்கு நேரடியான பொருளே கிடையாது. குறைந்த கெயின் (பெருக்கும் அளவு) உள்ள, 'மட்டமான' என்று தள்ளப்படும் டிரான்சிஸ்டர் சில இடங்களில் அருமையாகப் பேசும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஃபஸ் ஃபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்து பார்த்தால் இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு பாட் (குமிழால் திருகும் ரெசிஸ்டர்). மொத்தம் பதினொரு பாகம். சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்டால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்க்யூட்டுக்கான சாமான் முழுவதையும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் வாங்கிவிடலாம். அதற்கு மேல் செலவாவது எதற்கு? வார்ப்பு அலுமினியப் பெட்டி, காலால் மிதிக்கும் சுவிட்ச், உள்ளே வெளியே ஜாக்குகள். சர்க்யூட்டைவிட அது குடியிருக்கும் வீட்டுக்குத்தான் காசு அதிகம். மலிவான பெடல் மலிவாக இருப்பதும் பெரும்பாலும் இங்கேதான்: பிளாஸ்டிக் பெட்டி, போர்டிலேயே நேராகப் பற்றவைத்த ஜாக், எலக்ட்ரானிக் சுவிட்ச்.

இந்த முதல் படி விலை ஏற்றம் நியாயமானது. உங்கள் பெடல் மாதக்கணக்கில் வீட்டு மேசையில் இருந்தால் பிளாஸ்டிக்கே போதும். கல்லூரி விழா மேடையில், இருட்டில், செருப்புக் காலோடு மிதிக்க வேண்டும் என்றால் உலோகப் பெட்டியும், பெட்டிச் சுவரில் நட்டு போட்டு இறுக்கிய ஜாக்கும் வேண்டும். ஜாக் போர்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், கேபிளை யாராவது காலால் இடறிய ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு முழுவதும் சால்டர் மேல் விழும். ஒருநாள் விரிசல் விடும். பழுதுக்கு வரும் பெடல்களில் டிரான்சிஸ்டர் போனதைவிட ஜாக்கும் சுவிட்ச்சும் போனதுதான் அதிகம்.

இரண்டாவது படி ஜெர்மானியம். அண்ணனின் இருபதாயிரத்துக்கு ஓரளவு நியாயம் கிடைப்பது இங்கேதான், அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம்.

1960களின் தொடக்க ஃபஸ்கள் எல்லாம் ஜெர்மானியத்தில் செய்யப்பட்டன, ஏனென்றால் அப்போது மலிவாகக் கிடைத்தது அது. தசாப்தம் முடிவதற்குள் சிலிக்கான் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைப் பெரிய ஆலைகள் எப்போதோ நிறுத்திவிட்டன. இன்று பெடல் செய்பவர்கள் பயன்படுத்துவதில் பெரும்பாலும் பழைய இருப்பு: என்கேடி275, ஏசி128, ஓசி75, அப்புறம் சோவியத் கால எம்பி38 போன்றவை. இதில் சிக்கல் என்னவென்றால், அன்றைய உற்பத்தியில் ஒன்று போல் ஒன்று இருக்காது. ஒரே எண் அச்சிட்ட இரண்டு டிரான்சிஸ்டரில் ஒன்றின் கெயின் 50 இருக்கும், இன்னொன்றில் 150 இருக்கும். ஃபஸ் ஃபேஸுக்கு முதல் டிரான்சிஸ்டர் 70, 80 வாக்கிலும் இரண்டாவது 110 முதல் 130 வரையும் இருந்தால் இனிமையாகப் பேசும் என்பது செய்பவர்கள் மத்தியில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அந்த ஜோடியைத் தேட வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை கசிவு மின்னோட்டம். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் பேஸ் என்ற கட்டுப்படுத்தும் காலைத் தொடாமலே விட்டாலும், அதன் வழியே கொஞ்சம் மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். மலிவான மல்ட்டிமீட்டரில் டிரான்சிஸ்டரைச் சொருகி கெயின் பார்க்கும் துளை இருக்கிறதே, அது இந்தக் கசிவையும் கெயினாகவே எண்ணிவிடும். உதாரணமாக மீட்டர் பேஸுக்கு 10 மைக்ரோ ஆம்பியர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரான்சிஸ்டரின் உண்மையான கெயின் 80 என்றால் 800 மைக்ரோ ஆம்பியர் வர வேண்டும். 300 மைக்ரோ ஆம்பியர் கசிவும் சேர்ந்தால் 1,100 ஆகிவிடும், மீட்டர் 110 என்று காட்டும். நல்ல ஜோடி கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பற்றவைத்தால் சத்தம் கரகரத்து, வாசித்த நோட்டு பாதியில் செத்துப்போகும். அதனால் கசிவைத் தனியாக அளந்து கழித்துப் பார்க்க வேண்டும். ஆர். ஜி. கீன் என்பவர் இதற்கு இரண்டு ரெசிஸ்டரும் ஒரு பேட்டரியும் வைத்து எளிய முறை ஒன்றை எழுதி வைத்திருக்கிறார், வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டரை எடுத்து அப்படி அளந்து பாருங்கள். மீட்டரில் எண் நிற்காது, மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். காரணம், சொருகும்போது அதை விரலால் பிடித்தீர்கள், உங்கள் உடம்புச் சூடு அதில் ஏறியிருக்கிறது. ஓரிரு நிமிடம் விட்டால் எண் ஓரிடத்தில் நிலைக்கும். அப்போது மறுபடி இரண்டு விரலால் அதன் உலோகத் தொப்பியை லேசாகப் பிடியுங்கள், எண் கண் முன்னே ஏறும். பை நிறைய வாங்கிய டிரான்சிஸ்டரில் ஒவ்வொன்றையும் இப்படி ஆறவிட்டு அளந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கினால், பயன்படுத்தத் தகுந்தது ஒரு பங்குதான் தேறும். மீதி எல்லாம் காசு கொடுத்து வாங்கிய குப்பை. கையால் செய்பவர் கேட்கும் விலையில் இந்தப் பொறுக்கும் நேரமும் அந்தக் குப்பையின் விலையும் அடக்கம். நேர்மையாகப் பொறுக்கியவருக்கு அந்தக் காசைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

ஆனால் விரல் சூட்டுக்கே எண் ஏறுகிறது என்றால், நம் ஊர் வெயிலுக்கு என்ன ஆகும்? வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் ஜெர்மானியத்தின் கசிவு இரண்டு மடங்காகும். லண்டனில் 20 டிகிரி அறையில் சரி பார்த்துச் செய்த பெடலை மே மாதச் சென்னையில், 40 டிகிரியில், திறந்தவெளி மேடையில் வைத்தால் கசிவு நாலு மடங்கு. ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்டில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில், அதாவது சத்தம் வெளியே வரும் காலில், பேட்டரியின் பாதி வோல்டேஜ், அதாவது 4.5 வோல்ட் அளவில் இருந்தால்தான் அலை இருபுறமும் ஓரளவு சமமாக வெட்டுப்படும். கசிவு கூடினால் அந்தப் புள்ளி நகர்ந்துவிடும். நோட்டின் வால் அறுந்து, துப்புவதுபோல் சத்தம் வரும். பெடல் கெட்டுப்போனதாக நினைத்துப் பயந்து பழுதுக்குக் கொண்டுவருவார்கள். ஏசி அறையில் ஒரு மணி நேரம் வைத்தால் தானாகச் சரியாகும்.

இதற்குத் தீர்வு உண்டு. வெளியே பயஸ் குமிழ், அதாவது அந்தப் புள்ளியைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுவரும் குமிழ் ஒன்று வைத்து, சூட்டுக்குத் தகுந்தாற்போல் வாசிப்பவரே திருகிக்கொள்ளும்படி சிலர் செய்கிறார்கள். அனலாக் மேன் நிறுவனத்தின் சன் ஃபேஸில் சன்டயல் என்று பெயர் வைத்து அப்படி ஒரு குமிழ் தருகிறார்கள். நம் ஊரில் ஜெர்மானியம் வாங்குபவர் இந்த வசதி இல்லாமல் வாங்கவே கூடாது என்பேன். இந்த ஒரு குமிழுக்குக் கூடுதலாகக் கேட்கும் காசு முழுக்க முழுக்கத் தகும்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் பிஎன்பி வகை. அந்தப் பெடல்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்ட். மற்றப் பெடல்களில் நெகட்டிவ் முனை கிரவுண்ட். இரண்டையும் ஒரே அடாப்டரின் கிளை ஒயரில் சேர்த்து மாட்டினால் அடாப்டரை ஷார்ட் செய்தது போலாகிவிடும். தனி அவுட்புட் உள்ள பவர் சப்ளை வேண்டும், இல்லை பேட்டரி வேண்டும். நல்ல வேளையாக ஃபஸ் ஃபேஸ் குடிப்பது ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான், பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண 9 வோல்ட் பேட்டரியே மாதக்கணக்கில் வரும். ஜாக்கிலிருந்து கேபிளைப் பிடுங்கி வைக்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான். சோவியத் எம்பி38 அதற்கு நேரெதிரான என்பிஎன் வகை என்பதால் அதில் செய்த பெடலை வழக்கமான அடாப்டரிலேயே ஓட்டலாம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஜெர்மானியம் எதற்கு? கிட்டாரின் வால்யூம் குமிழுக்காக. நல்ல ஜெர்மானியம் ஃபஸ் ஃபேஸை முழுதாகத் திருகி வைத்துவிட்டு, கிட்டார் வால்யூமை 10இலிருந்து 7க்கு இறக்குங்கள். ஃபஸ் கரைந்து, கண்ணாடிபோலக் கணீரென்ற, ஓரத்தில் மட்டும் லேசாகச் சொரசொரப்புள்ள ஒரு சத்தம் வரும். காலை அசைக்காமலே ஒரே பாட்டில் ரிதம், சோலோ இரண்டும் வாசிக்கலாம். சிலிக்கானிலும் இது நடக்கும், ஆனால் கெயின் அதிகம் என்பதால் குமிழை இன்னும் கீழே இறக்க வேண்டும், அந்தக் கணீர் கொஞ்சம் வறண்டிருக்கும். இரைச்சலும் கூட, சில நேரம் அக்கம்பக்கத்து ரேடியோ நிலையமே பெடலுக்குள் பேசும். அதற்காகச் சிலிக்கான் இளப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஜெர்மானியத்தில் தொடங்கி பிறகு சிலிக்கானுக்கு வந்தவர். டேவிட் கில்மர் பிசி108 சிலிக்கான் ஃபஸ் ஃபேஸில் வாசித்தது உலகமே ரசித்த சத்தம்.

இந்த வால்யூம் வித்தை எதனால் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். ஃபஸ் ஃபேஸின் உள்ளீட்டு எதிர்ப்பு மிகக் குறைவு, சில ஆயிரம் ஓம் அளவுதான். சாதாரணப் பெடலில் அது ஐந்து லட்சம், பத்து லட்சம் ஓம் இருக்கும். அதனால் கிட்டாரின் பிக்கப்பும் வால்யூம் பாட்டும் ஃபஸ் ஃபேஸுக்கு வெளியே இருக்கும் பொருள்களே இல்லை, அவை அந்த சர்க்யூட்டின் ஒரு பாகம். நடுவில் ஒரு பஃபர் வந்துவிட்டால், அதாவது சில நிறுவனங்களின் பெடல்கள் அணைத்திருக்கும்போதும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் அந்த முன்னால் நின்றுகொள்ளும் சின்ன ஆம்ப் வந்துவிட்டால், உறவு அறுந்துவிடும். ஃபஸ் கத்தும், வால்யூமை இறக்கினாலும் சுத்தமாகாது. அந்தக் குறைந்த எதிர்ப்பாலேயே, வா பெடலுக்கு (காலால் அசைத்து 'வா வா' என்று பேசவைக்கும் பெடல்) நேர் பின்னால் ஃபஸ்ஸை மாட்டினால் வா வேலை செய்யாது, ஊளையிடும். இருபதாயிரம் ரூபாய் பெடலை டியூனருக்கும் வயர்லெஸ்ஸுக்கும் பின்னால் மாட்டிவிட்டு 'இதுக்கா இவ்வளவு காசு' என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் நேராக ஃபஸ்ஸில் சொருக வேண்டும். பைசா செலவில்லாத மாற்றம் இது, ஆனால் பெடலை மாற்றுவதைவிடப் பெரிய வித்தியாசம் தரும்.

இதனாலேயே யூடியூபில் பெடல்களை ஒப்பிடும் காணொளிகளை ஃபஸ் விஷயத்தில் நான் அதிகம் நம்புவதில்லை. லூப்பரில் ஒரு பாட்டைப் பதிந்து, அதையே பத்துப் பெடலுக்குள் அனுப்பி, 'பாருங்கள், ஒரே வாசிப்பு' என்பார்கள். வாசிப்பு ஒன்றுதான், ஆனால் பெடலுக்குள் போவது பிக்கப் அல்ல, லூப்பரின் பஃபர். மலிவானதும் விலை உயர்ந்ததும் அங்கே கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கத்தும். பிக் மஃப் போன்றவற்றுக்கு அந்தச் சோதனை ஓரளவு பொருந்தும், ஃபஸ் ஃபேஸ், டோன் பெண்டர் குடும்பத்துக்குப் பொருந்தாது.

ஒரே சர்க்யூட் இரண்டு விலையில் விற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இசட்.வெக்ஸின் ஃபஸ் ஃபேக்டரியைப் பாருங்கள். மினியாபோலிஸ் நிறுவனம். ஒவ்வொன்றிலும் ஓவியர்கள் கையால் வண்ணம் தீட்டிய பதிப்பு ஒன்று, அச்சிட்ட பெட்டியில் வெக்ஸ்டர் என்ற பதிப்பு ஒன்று. இரண்டுக்கும் விலை வித்தியாசம் நூறு டாலருக்கு மேல் இருந்திருக்கிறது. ஐந்து குமிழ்களும் அதே வேலைதான் செய்கின்றன. ஓவியத்துக்கான காசு என்று நிறுவனமே வெளிப்படையாக வைத்திருக்கிறது, அது நேர்மை. ஓவியம் பிடித்தால் வாங்குங்கள், சத்தம் மட்டும் வேண்டுமென்றால் வெக்ஸ்டர்.

பிக் மஃப் கதை இன்னும் தெளிவானது. 1970களின் ராம்ஸ் ஹெட், 1990களில் ரஷ்யாவில் செய்த பச்சைப் பெட்டி இவற்றின் அசல்கள் பழைய சரக்குச் சந்தையில் பல மடங்கு விலைக்குப் போகின்றன. அதே நிறுவனம் அதே பெயர்களில், சின்னப் பெட்டியில், நூறு டாலர் சுமாருக்குத் திரும்பச் செய்து விற்கிறது. பிக் மஃப்பில் டிரான்சிஸ்டரின் குணத்தைவிட, இரண்டு கட்டமாக டயோடு வைத்து வெட்டுவதும் டோன் குமிழின் வடிகட்டியும்தான் சத்தத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால் அதில் பொறுக்கி எடுப்பதற்கு அதிக வேலை இல்லை. பிக் மஃப்புக்குப் பெரிய விலை கொடுக்க ஒலி சார்ந்த காரணம் எனக்குத் தெரியவில்லை. பழம்பொருள் மீது ஆசை என்றால் அது வேறு விஷயம், அந்த ஆசையும் மதிக்கத்தக்கதுதான்.

உங்கள் கையில் இருப்பது பெரிங்கரின் எஸ்எஃப்300 என்றால், அதைத் தள்ளிவிட வேண்டாம். பாஸ் நிறுவனம் 1990களில் செய்து நிறுத்திய ஹைப்பர் ஃபஸ் பெடலின் வழியில் வந்த சர்க்யூட் அது. அதற்கும் பாட்டன் யூனிவாக்ஸ் சூப்பர்-ஃபஸ். மேல் ஸ்வரம் ஒன்று கூடவே பிளிறிக்கொண்டு வரும் அந்த அடர்ந்த, முரட்டுச் சத்தத்தை முப்பது டாலர் சுமாரில் தரும் வேறு பெடல் எனக்குத் தெரிந்து இல்லை. கனமான மெட்டு வாசிக்கும் பேண்டுகள் மேடைகளிலேயே இதை வைத்து வாசித்திருக்கின்றன. பிளாஸ்டிக்தான், பேட்டரி மாற்ற பேனா முனையால் இரண்டு பக்கமும் குத்தித் திறக்க வேண்டும். அடாப்டரில் ஓட்டி, பெடல்களை அடுக்கும் பலகையில் ஒட்டி வைத்துவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் ஒன்று, அது ஃபஸ் ஃபேஸ் செய்வதைச் செய்யாது. வால்யூமை இறக்கினால் கணீரென்று ஆகாது. அண்ணனின் பெடலும் உங்கள் பெடலும் ஒரே பொருளின் மட்டமும் உசத்தியும் கிடையாது, இரண்டும் இரண்டு வகை.

மூன்றாவது படிக்கு, அதாவது பெயருக்கும் புராணத்துக்கும் கொடுக்கும் காசுக்கு, ஓரிரண்டு வரி போதும். 'பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் போட்டிருக்கிறோம்' என்று விளம்பரம் செய்வார்கள். அந்த ரெசிஸ்டருக்கு வால்வு ஆம்பில், நூற்றுக்கணக்கான வோல்ட் விழும் இடத்தில் ஒரு தனிக் குணம் உண்டு. 9 வோல்ட் பெடலில் அந்தக் குணம் வெளிப்பட வழியில்லை, உஸ் என்ற இரைச்சல் மட்டும் கூடும். பழைய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் போடுவது இன்னும் மோசம், அவை காலப்போக்கில் உலர்ந்துபோகும் சாமான். போர்டு முழுவதும் கறுப்பு எபாக்ஸி ஊற்றி மறைத்திருந்தால், நாளைக்குப் பழுது பார்க்கவும் முடியாது.

இப்போது நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன, ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்: ஆம்ப். ஃபஸ் தனியாகச் சத்தம் தருவதில்லை. அந்தப் பழைய பதிவுகளில் கேட்பது, ஏற்கெனவே சூடேறி லேசாக உடைய ஆரம்பித்திருந்த வால்வு ஆம்புக்குள் ஃபஸ் போய் விழுந்த சத்தம். ஃபஸ்ஸின் கூரான ஓரங்களை ஆம்பும் பெரிய ஸ்பீக்கரும் மழுக்கிக் கொடுத்தன. சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பின் கிளீன் சேனலில், எட்டு இஞ்ச் ஸ்பீக்கரில் போட்டால் எந்த ஜெர்மானியமும் தேனீக் கூட்டம் போலத்தான் கேட்கும். இருபதாயிரம் கையில் இருந்தால், அதைக் கொண்டு பழைய வால்வு ஆம்ப் ஒன்றைத் தேடலாம், அல்லது ஸ்பீக்கர் கேபினெட்டின் ஒலியைப் போலச் செய்து தரும் சிமுலேட்டர் பெடல் ஒன்றை வாங்கி நேராக மிக்ஸருக்கு அனுப்பலாம். இரண்டில் எதைச் செய்தாலும் உங்கள் பிளாஸ்டிக் ஃபஸ்ஸே வேறு பெடல் போல ஒலிக்கும்.

அதுவும் முடியாவிட்டால், ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஒரு ஈக்யூ பெடலோ (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் பெடல்), மிட், அதாவது நடு அலைவரிசை, தூக்கலாக உள்ள மலிவான ஓவர்டிரைவ் ஒன்றை கெயின் குறைத்தோ வையுங்கள். பெரும்பாலான ஃபஸ்களில், முக்கியமாக பிக் மஃப்பிலும் சூப்பர்-ஃபஸ்ஸின் ஒரு சுவிட்ச் நிலையிலும், நடு அலைவரிசை பள்ளமாக இருக்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது பிரமாண்டமாகக் கேட்கும். பேஸும் டிரம்ஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். 'என் பெடல் மட்டமானது, அதான் பேண்டில் கேட்கவில்லை' என்று பலர் விலை கூடிய பெடலுக்குத் தாவுவது இந்தக் காரணத்தால்தான். புதுப் பெடலிலும் அதே பள்ளம் இருந்தால் அதே கதை. நடுவைத் தூக்குங்கள், அப்புறம் முழுக் கார்டை விட்டுவிட்டு இரண்டு கம்பி ஐந்தாம் ஸ்வரக் கார்டு வாசியுங்கள். ஃபஸ்ஸில் மூன்று நாலு ஸ்வரம் ஒன்றாகப் போனால் அவை ஒன்றோடொன்று மோதி, இல்லாத ஸ்வரங்களை உண்டாக்கிச் சேறாகும். மூன்றுக்கு இரண்டு என்ற எளிய விகிதத்தில் இருக்கும் ஐந்தாம் ஸ்வரம் மோதினாலும் இசைவாகவே மோதும்.

கடையிலோ அண்ணன் வீட்டிலோ ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரு காரியம் கட்டாயம் செய்யுங்கள். இரண்டு பெடலின் வால்யூமையும் காதுக்குச் சமமாக வையுங்கள். கொஞ்சம் உரக்கக் கேட்பது எதுவானாலும் நமக்கு நல்லதாகப் படும், காது அப்படித்தான் வேலை செய்கிறது. உங்கள் கிட்டாரை எடுத்துப் போங்கள், கடையின் கிட்டாரில் பார்க்காதீர்கள், பிக்கப் மாறினால் ஃபஸ் ஃபேஸ் மாறிவிடும். கிட்டார் வால்யூமை 10, 7, 5 என்று இறக்கி இறக்கிக் கேளுங்கள். ஒரு நோட்டை அடித்துவிட்டு அது சாகும் வரை கேளுங்கள். நல்ல ஃபஸ்ஸில் வால் வழுக்கிக்கொண்டு போகும், பயஸ் தவறியதில் திக்கித் திக்கி அறும். கடைசியாக, யாரையாவது பெடலை மாற்றி மிதிக்கச் சொல்லிவிட்டு, திரும்பி நின்று வாசித்துப் பாருங்கள். எது எது என்று சொல்ல முடியவில்லை என்றால் காசைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் நிலையில் நான் இப்படிச் செய்வேன். இருக்கும் பெடலை வைத்துக்கொண்டு ஆம்பையும் மிட்டையும் முதலில் சரி செய்வேன். அண்ணனின் பெடலை ஒரு வாரம் கடன் வாங்கி, கிட்டாரிலிருந்து நேராக மாட்டி வாசிப்பேன். அந்த வாரத்தில் கை தானாக கிட்டார் வால்யூமைத் தேடிப் போகிறது என்றால் உங்களுக்கு ஃபஸ் ஃபேஸ் வகை வேண்டும். முதலில் சிலிக்கான் ஒன்றை வாங்குங்கள், அல்லது பதினொரு பாகத்தை வாங்கி நீங்களே பற்றவையுங்கள். கெயின் மிக அதிகமில்லாத டிரான்சிஸ்டராகப் பார்த்துப் போடுங்கள். பிசி108, பிசி547 இரண்டிலும் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து வரும், ஏ எழுத்து உள்ளதில் கெயின் குறைவு, சி உள்ளது கத்தும். நம் சூட்டுக்கு அது அசையாது. அதிலும் மனம் நிறையவில்லை என்றால்தான் ஜெர்மானியம்.

அப்போது செய்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டு டிரான்சிஸ்டரின் கெயினும் கசிவும் தனித்தனியாக எவ்வளவு? எத்தனை டிகிரியில் அளந்தீர்கள், கலெக்டரில் எத்தனை வோல்ட் வைத்தீர்கள், வெளியே பயஸ் குமிழ் உண்டா? அடாப்டர் வழக்கமானதா, தலைகீழா? நன்றாகச் செய்பவர்கள் இதையெல்லாம் நோட்டில் குறித்து வைத்திருப்பார்கள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி வாங்கி பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு டிரான்சிஸ்டர் போனால், பழுது பார்ப்பவருக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரியும்.